சீதா அக்காவின் குளியல் தண்ணீர்

“இது சுடுதண்ணியா? ஆத்துத் தண்ணி இதவிட சூடா இருக்குமே!”

மஹியாவயில் எங்கள் அடுத்த வீட்டுச் சீதா அக்கா தினமும் காலையில் சொல்வது இதுதான். இடையில் ஒற்றைச் சுவர், எனக்கு அலாரமே அந்தச் சத்தம்தான். பக்கவாதம் வந்து வலப்பக்கம் மரத்துப்போனதிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவது கணவர் வீரய்யா அண்ணன். மண்ணெண்ணெய் குக்கர் அடுப்பில் அண்டாவை ஏற்றுவார். சுட்டதும் வாளியில் ஊற்றிப் பச்சைத் தண்ணீர் கலப்பார், கையை விட்டுப் பார்ப்பார். அக்கா கத்துவார். உடனே இன்னும் ரெண்டு சொம்பு கொதிதண்ணீர் சேர்ப்பார். அப்போதும் கத்தல் நிற்காது.

ஒருநாள் சாயங்காலம் அக்காவுக்கு உடுப்பு மாற்ற உதவப் போனேன். வலது பாதத்தில் பெரிய கொப்புளம்.

“அக்கா, இது எப்ப வந்திச்சு?”

“எது?” குனிந்து பார்த்தார். யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி. “எனக்கு ஒண்ணும் தெரியலயே தங்கச்சி.”

“கை விட்டுப் பாத்துட்டுத்தானேம்மா ஊத்துனேன்,” என்றார் அண்ணன்.

மறுநாள் குளிக்கிற நேரத்துக்கு நானே போய் நின்றேன். அண்ணன் வாளிக்குள் கையை விட்டார். முகம் மாறவில்லை. “பதமா இருக்கு” என்றார். நான் விரலை வைத்தேன். உயிர் போய்விட்டது. அவர் பன்வில தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து காயவைக்கிற அடுப்புக்கு விறகு தள்ளியே கிழவரானவர். உள்ளங்கைத் தோல் செருப்புத் தோல்.

“அது கையில்ல அண்ணே, அகப்பை,” என்றேன்.

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அக்காவுக்கு ரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தமும் இருக்கிறது, மற்றப் பக்கத்திலும் சூடு சரியாகத் தெரிவதில்லை. இன்னொரு தடவை சுட்டால் பாதத்தையே எடுக்கவேண்டி வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டும் அக்கா அழவில்லை. “எடுத்தாலும் தெரியவா போகுது” என்றார்.

கட்டாரில் இருக்கும் மகன் யுகேஷ் போனில், “கீசர் போடுங்கப்பா, சூட்ட அதுலயே வச்சிடலாம்” என்றான். கரண்ட் வேலை செய்யும் பவாஸைக் கூட்டிவந்தேன். சுவரில் தொங்கிய வயரைப் பார்த்தார். “இது பல்புக்கே மூச்சு வாங்குது. கீசரக் கொடுத்தா வீடே பத்திக்கும். எல்லா வயரையும் மாத்தணும்.” வாடகை வீடு, சொந்தக்காரர் கலகெதரயில் இருக்கிறார். போனில் கேட்டதற்கு, “சுவரில கைவைக்க வேணாம்” என்று வைத்துவிட்டார்.

கேஸ் அடுப்பு என்று நான் வாயைத் திறந்ததும் அக்கா, “வெடிக்கிற சாமான் என் வாசப்படி ஏறக்கூடாது” என்றார். அண்ணனுக்கு விறகு ஆசை. புகை மேல்வீட்டுக்கு ஏறும், மேல்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு இறங்குவார்கள். சூடு பார்க்கிற கருவி ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். அக்கா கத்தினால் அண்ணன் அதையும் பார்ப்பதில்லை, சொம்பைத்தான் தூக்குகிறார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தானாம்.

கடைசியில் பழைய மண்ணெண்ணெய் குக்கரே இருக்கட்டும் என்று முடிவானது. தண்ணீரைப் பார்க்கிற கை மட்டும் என்னுடையது. காலையில் போகிறேன், வாளியில் கையை விடுகிறேன், “போதும்” என்கிறேன்.

“தங்கச்சி, இது பச்சத் தண்ணி!”

“கத்துங்கக்கா. உங்களுக்குக் காலு, எனக்குக் காது.”

கொப்புளம் காய்ந்துவிட்டது. புதுசாக எதுவும் வரவில்லை.

இப்போது என் மகள் தர்ஷிகாவுக்குப் பிரசவம். அடுத்த வாரம் நான் நாவலப்பிட்டிக்குப் போகவேண்டும், திரும்பிவர நாளாகும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மஹியாவ பக்கம் இருக்கிறவர்கள் காலையில் ஒரு எட்டு அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பழம், பிஸ்கட் எதுவும் வேண்டாம். வாளியில் உங்கள் கையை விடுங்கள். அக்கா என்ன கத்தினாலும், அண்ணன் கையிலிருந்து அந்தச் சொம்பை வாங்கி வையுங்கள்.