நிலையில் பாய்ந்த கத்தி

வெள்ளிக்கிழமைதோறும் வாசல் நிலைக்கு மஞ்சள் பூசும்போது, என் தோள் உயரத்தில் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கும். மீன் வெட்டும் கத்தி பாய்ந்த இடம் அது. எறிந்தவன் என் கூடப்பிறந்த அண்ணன். அவன் வைத்த குறி அண்ணியின் கழுத்து.

சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் இன்றும் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அண்ணிக்குக் கர்ப்பப்பை வாயில் புண் இருப்பதை ஒரு மருத்துவ முகாமில் கண்டுபிடித்தார்கள். இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, விட்டால் ஆகிவிடலாம் என்று சொல்லி, டாக்டரம்மா அந்த இடத்தை மட்டும் எடுத்தார். அண்ணன் பயந்துபோய், இவள் பிழைத்தால் ஆடியில் தீ மிதிப்பதாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டான். மிதித்தான். உள்ளங்கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டது நான்தான். நேர்த்திக்கடன் முடிந்த பிறகு போய்ச் சோதித்துப் பார்த்தால் ஆத்தாளையே சந்தேகப்பட்டதாகிவிடும் என்று எங்கள் குப்பத்தில் பலரும் நினைப்பார்கள். அதனால், ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார்கள் என்று அண்ணி ஒரு காலையில் புடவை மாற்றிக் கிளம்பியதும் அவனுக்குக் கண் சிவந்துவிட்டது.

“நான் நெருப்புல நடந்தது பொய்யாடி?” என்று விட்ட முதல் அறையிலேயே அண்ணியின் உதடு கிழிந்தது. கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதினான். தடுக்கப் போன என்னை உதைத்ததில் நான் தண்ணீர்க் குடத்தின் மேல் போய் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே, ‘தாயே, இவன் கையை முடக்கிப் போடு’ என்று அம்மன் படத்தைப் பார்த்து வேண்டினேன். அண்ணி அவனை நெட்டித் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார். அப்போதுதான் கத்தி பறந்தது. காதோரத்து முடியைச் சீவிக்கொண்டு போய் நிலையில் குத்தி, நின்று ஆடியது.

அதைப் பார்த்ததும் அவன் மனசுக்குள் கிடந்தது வாய்வழியே வந்துவிட்டது. “திரும்ப எதுனா கீதுன்னு சொல்லிட்டா? காப்பு கட்டிக்கினு குடிச்சான், அதான் பலிக்கலன்னு ஊரே என் மூஞ்சில துப்பும்ல?” விரதக் காப்பு கட்டிய நாட்களில் ஒரு சொட்டும் தொடக்கூடாது. இவன் தொட்டிருக்கிறான்.

அண்ணி நிலையிலிருந்து கத்தியைப் பிடுங்கினார். அண்ணன் ஓரடி பின்னால் போனான். “யோவ், நீ குடிச்சது ஆத்தாளுக்கு அன்னிக்கே தெரியும். டாக்டரம்மாவா போய் போட்டுக் குடுக்கப் போறாங்க?” வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, கத்தியை அவன் காலடியில் வீசினார். “வெட்றதுன்னா இப்பவே வெட்டு. இல்லன்னா போய் வலைய பாரு. பஸ்ஸு பூடும்.”

ஆஸ்பத்திரியில் நர்சம்மா உதட்டைப் பார்த்து, யார் அடித்தது என்று கேட்டார். “அத்த அப்பறமா சொல்றேன், வந்த வேலைய மொதல்ல பாரும்மா” என்று அண்ணி போய்ப் படுத்துக்கொண்டார். என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. முடிவு வந்தபோது புண் கொஞ்சம் மிச்சமிருந்தது தெரிந்தது. மறுபடியும் எடுத்தார்கள். பார்க்காமல் விட்டிருந்தால் சத்தமில்லாமல் உள்ளே வளர்ந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. வீட்டுப் படத்திலிருந்த அதே தாய்தான் அங்கே கையுறை மாட்டிக்கொண்டு நின்றாள் என்று நான் நம்புகிறேன். ஊர் துப்பவில்லை. அதற்கு அந்த வாரம் வேறு சண்டை இருந்தது.

அண்ணி இன்றும் தவறாமல் பரிசோதனைக்குப் போய்வருகிறார். அண்ணனுக்கு வலது கை நடுங்குகிறது, டம்ளர்கூட நிற்பதில்லை. என் வேண்டுதல் பலித்ததா, குடி செய்த வேலையா, தெரியாது. இரக்கம் வருகிறது, மன்னிக்க வரவில்லை. அதையும் அம்மனிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த முறை பரிசோதனை வெள்ளிக்கிழமையில் வந்தது. நான் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் சாய்ந்திருந்த அண்ணன், நிலைப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே சொன்னான்: “இன்னும் இன்னா பண்ணிக்கினு கீறீங்க? பஸ்ஸு பூடும்.”

அண்ணி என் கிண்ணத்திலிருந்து குங்குமம் தொட்டு, அந்தப் பள்ளத்தில் அழுத்தி வைத்துவிட்டு, வாசற்படி இறங்கினார்.