லேஞ்சி ஆங்கிலம் இல்லை

விளையாட்டு எளிமையானது. பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு பந்தைத் தூக்கிப் போடுவோம். யார் கைக்குப் பந்து வருகிறதோ அவர் தன் பைக்குள் இருக்கும் ஒரு பொருளை ஆங்கிலத்தில் சொல்லி, அதை வைத்து ஒரு வாக்கியமும் பேச வேண்டும். தமிழ் வந்தால் வெளியே. சாயர்புரத்திலிருந்து வரும் எங்கள் டீச்சர் ஆங்கிலப் பேச்சு வகுப்பை இப்படித்தான் சிரிக்கச் சிரிக்க நடத்துவார். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார்.

மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு, எனக்குச் சோற்றுப் பிரச்சினை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. கப்பல்களிலிருந்து வரும் போனை இனி நானே எடுத்து ஆங்கிலத்தில் பேச வேண்டும், பேசினால் நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்.

அன்று வட்டத்தில் மிஞ்சிய நான்கு பேரில் நானும் ஒருத்தி. வாயாடி என்று வீட்டில் வாங்கிய பெயர் முதல்முறையாக உதவிக்கொண்டிருந்தது. தப்போ சரியோ, அடித்து விடுவேன். பந்து வந்தது. பையிலிருந்து எடுத்துக் காட்டி, "திஸ் இஸ் மை லேஞ்சி. ஐ வாஷ் மை லேஞ்சி எவ்ரிடே" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள்.

"அக்கா, அவுட்டு. லேஞ்சி இங்கிலீஷ் இல்ல," என்றார் டீச்சர்.

"இங்கிலீஷ்தான் டீச்சர். தமிழ்ல கைக்குட்டைன்னுல்லா சொல்லுவாங்க."

"யாருக்கா உங்களுக்குச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. எங்கள் கடற்கரையில் பிறந்ததிலிருந்தே அது லேஞ்சிதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கைக்குட்டை. அப்படியானால் வீட்டில் சொல்வது ஆங்கிலம் என்று முப்பத்தைந்து வருடமாக நானே நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் சிரித்தபடி எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்தேன். காது மட்டும் எரிந்தது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் போனில் தேடினேன். போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல்லாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். மேசை, சாவி, ஜன்னல், அலமாரி எல்லாமே அவர்களோடு வந்து இறங்கியவை என்று போட்டிருந்தது. தமிழ் என்று நம்பியது தமிழ் இல்லை, ஆங்கிலம் என்று நம்பியது ஆங்கிலம் இல்லை. அன்றிலிருந்து என் வாய்க்குள் ஒரு சுங்கச் சோதனை தொடங்கியது. ஒவ்வொரு சொல்லும் தான் எந்த ஊர் என்று நிரூபித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். வகுப்பில் பந்து வந்தால் பேசாமல் அடுத்தவருக்குப் போட்டேன். "பேசுங்கக்கா, சும்மா விளையாட்டுதானே" என்பார் டீச்சர். அந்தச் 'சும்மா'வைக் கேட்டாலே எனக்குக் கோபம் தலைக்கேறும்.

மூன்றாம் மாதம் கடைசி வாரம், கடலில் நின்றிருந்த ஒரு கப்பலிலிருந்து போன். மாலுமி ஒருவருக்குக் கடும் காய்ச்சல். டாக்டர் கிளம்பிவிட்டாரா என்று கேப்டன் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு முழுதாகப் புரிந்தது. டாக்டர் படகில் ஏறிவிட்டதும் தெரியும். ஆனால் எங்கள் தெருவில் மீன் விற்கிற அக்காகூட டாக்டர் என்றுதானே சொல்கிறாள், போட் என்றுதானே சொல்கிறாள், அவை ஆங்கிலம்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் நடந்தது. மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார் கேப்டன். மேனேஜர் வந்து போனை என் கையிலிருந்து வாங்கி, "டாக்டர் இன் போட், கேப்டன்" என்றார். இலக்கணம்கூட இல்லை. கேப்டன் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு மேனேஜர் என்னைத் தன் எதிரில் உட்காரச் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. தமிழ்லயே சொல்லுங்க. இந்த வேலை வேணுமா, வேண்டாமா? வேணும்னா இன்னும் ஒரு மாசம் பாப்போம். மேல நான் பேசுதேன்."

வேணும் சார். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அழுகையாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது, மகளின் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. வேணும் எந்த ஊர்ச் சொல், சார் எந்த ஊர்ச் சொல் என்று வாய்க்குள் சோதனை முடிவதாக இல்லை. அவர் நெடுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா," என்றார் கடைசியில். "உங்க இஷ்டம்."