ஏழுமலைக்கு நேரெதிரே நின்றவன்

கார்க் பால் மேட்சில் எல்லோரும் பேட்ஸ்மேனைப் பார்ப்பார்கள். பந்து மட்டும் அம்பயரைப் பார்க்கும். பாகூர், வில்லியனூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைத் தொப்பியோடு அம்பயராக நின்ற அனைவருக்கும் இது தெரியும். ஏழுமலை ஆடவந்த பிறகு எனக்கு நன்றாகவே தெரிந்தது.

முதல் அடி

ஏழுமலை பாகூரில் கரும்பு டிராக்டர் ஓட்டுபவன். டீமில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று அவனை இறக்கினார்கள். பந்து போட்டது வில்லியனூர் கோபி, தண்ணி கேன் வண்டிக்காரன். ஏழுமலை அடித்த முதல் பந்தே நேராக என் முகத்துக்கு வந்தது. குப்புற விழுந்தேன். தலைக்கு மேல் 'விர்ர்' என்று ஒரு சத்தம். பந்து நெல் வயலில் போய் விழுந்தது. படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கி சிக்ஸ் காட்டினேன்.

கோபி என்னைத் தூக்கி நிறுத்தி மண்ணைத் தட்டினான். "சார், நீங்க மட்டும் பயப்படுங்க. ரெண்டு பேரும் பயந்தா மேட்ச் எப்படி நடக்கும்?"

சாதனை நாள்

எங்கள் வட்டாரத்தில் ஒரே ஆட்டத்தில் அதிக சிக்சர் என்ற சாதனையை ஏழுமலை வில்லியனூரில் முறியடித்தான். அன்று எதிர் டீம் பவுலர்கள் எல்லோருக்கும் திடீரென்று தோள்வலி. கடைசி ஓவரை கேப்டனே போடவேண்டியதாயிற்று. ஓடிவரும்போதே அவன் உதடு முணுமுணுத்தது. பந்து தென்னை மரங்களுக்கு அப்பால் போனது; கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது.

"விக்கெட் வேணும்னு வேண்டிக்கினியா?" என்று கேப்டனைக் கேட்டேன்.

"விக்கெட் யாருக்கு சார் வேணும்? பல்லோட வூட்டுக்குப் போவணும்னு வேண்டிக்கினேன்."

ஆஸ்பத்திரி

இதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை. பாகூரில் ஒரு மேட்ச். கோபி போட்ட ஃபுல்டாஸை ஏழுமலை நேராக அடித்தான். கையைத் தூக்கக்கூட கோபிக்கு நேரமில்லை. பந்து கண்ணுக்குக் கீழே பட்டு, என் காலடியில் விழுந்தான். மட்டையை எறிந்துவிட்டு ஓடிவந்த ஏழுமலை அவனை அள்ளி ஆட்டோவில் போட்டான். வழியெல்லாம் கோபியின் தலை என் மடியில். "சார், ஒண்ணும் தெரியல சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

கன்ன எலும்பு உடைந்திருக்கிறது, பார்வையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வராந்தாவில் ஏழுமலை சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். ஊரையே நடுங்கவைத்தவன் அவன். கோபியின் மனைவி செல்வி வந்தாள். திட்டப்போகிறாள் என்று நானும் எழுந்து நின்றேன். அவள் ஏழுமலையைப் பார்த்து, "இங்க நின்னு அழுதா ஆச்சா? உள்ள போயி பேசுண்ணா. அந்த ஆளு தனியா பயந்துக்கினு கெடக்குது" என்றாள்.

மறுபடியும்

கோபியின் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஏழுமலை மட்டையைத் தொடவில்லை. அடுத்த சீசனில் டீம்காரர்கள் வற்புறுத்தி இறக்கினார்கள். எதிரே பந்தோடு கோபி, கண்ணுக்குக் கீழே தழும்போடு. ஏழுமலை எல்லாப் பந்தையும் அடிக்காமல் தடுத்துக் கட்டை போட்டான். கூட்டம் கூச்சலிட்டது.

கோபி பிட்ச்சின் நடுவுக்கே போனான். "இன்னாடா பண்ற? நீ கட்ட போடப் போட, ஊரே என்னப் பாத்து ஐயோ பாவம்ங்குது. எனக்கு அது வாணாம். அடிடா!"

"எனக்குப் பயமாக்கீது கோபி."

"எனக்கு மட்டும் இல்லியா? அடி."

ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். 'டக்' என்று மட்டைச் சத்தம். பிறகு கூட்டத்தின் கத்தல். பந்து எந்தப் பக்கம் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் கோபியின் குரல்தான் கேட்டது:

"கண்ணத் தொறந்து சிக்ஸ் காட்டுங்க சார், நான் நல்லாத்தான் கீறேன்!"

ஏழுமலை இப்போதும் அடிக்கிறான், கோபி இப்போதும் போடுகிறான், நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி இறங்காமல் கிளம்புகிறேன்.