பிரெஞ்சில் இருந்தவரை பாராட்டினார்கள்

கெர்தா தெராவினின் நாவல் பிரெஞ்சில் வெளிவந்தபோது ழக்மெல் ஊரே அவளைக் கொண்டாடியது. பாதிரியார் பூசையில் பெயர் சொல்லி வாழ்த்தினார். மதாம் ஓதிலோன் ஒரு பிரதி வாங்கி, முன்னறைக் கண்ணாடி அலமாரியில் பீங்கான் தட்டுகளுக்கு நடுவே நிறுத்தினாள். வந்தவர்களிடமெல்லாம், "எங்க வீட்ல வளர்ந்த பொண்ணு" என்றாள்.

வளர்ந்தது உண்மை. பள்ளிக்கு அனுப்புவதாகச் சொல்லித்தான் மலைக் கிராமத்துத் தாயிடமிருந்து சிறுமியை வாங்கி வந்தார்கள். அனுப்பியது தண்ணீர்க் குழாய்க்கு. மதாமின் மகள் பாடத்தை உரக்கப் படிக்கும்போது, தரையைத் துடைத்தபடியே இவள் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஓடிப்போய்க் கன்னியாஸ்திரிகளிடம் சேர்ந்து படித்தாள். ஆசிரியையாகத் திரும்பி வந்து எங்கள் தெருவிலேயே வீடெடுத்தாள்.

நாவல் இதுதான். பெயர்களை மட்டும் மாற்றியிருந்தாள். நடுப்பகுதி இழுக்கிறது, மழையைப் பற்றி அளவுக்கு மீறி எழுதுகிறாள். ஆனால் பொய் எங்கும் இல்லை. இதைச் சொல்ல நான் அதை வாசிக்க வேண்டியிருந்தது. பாராட்டியவர்களில் பெரும்பாலோர் அட்டையைத் தாண்டவில்லை.

பிறகு அவள் அதையே வீட்டிலும் சந்தையிலும் நாங்கள் பேசும் கிரியோல் மொழியில் எழுதி, ஞாயிறு மாலைகளில் உள்ளூர் வானொலியில் வாசிக்கத் தொடங்கினாள். மீன்காரிகள் கேட்டார்கள். டொமினோ ஆடுபவர்கள், தோற்றவன் தண்டனையாகக் காதில் மாட்டிய துணி கிளிப்போடு, ஆட்டத்தை நிறுத்திக் கேட்டார்கள். சில வாரங்களில் அது எந்த வீடு என்று தெரிந்துவிட்டது. மதாம் தெருவில் நடந்தால் டொமினோ மேசையிலிருந்து குரல் வரும்.

"மதாம், வீட்ல தண்ணி வந்துடுச்சா? இல்ல, யாரையாவது மலையிலேருந்து எறக்கணுமா?"

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதில்தான் சூப்பு வருகிறது. அடிமைகளே சமைத்தும் எசமானர்கள் அவர்களை வாயில் வைக்க விடாத பூசணி சூப்பை, விடுதலை நாளான ஜனவரி ஒன்றில் எல்லா வீட்டிலும் குடிப்போம், அண்டை வீடுகளுக்கும் அனுப்புவோம். அதைத் தெரு முழுக்கச் சுமந்து கொடுத்த சிறுமிக்குத் துலக்குவதற்குப் பானைதான் கிடைத்தது.

வானொலி முதலாளி முசியே ஃப்ரெனெல் அவளைக் கூப்பிட்டார். நானும் துணைக்குப் போனேன்.

"அந்த அத்தியாயம் வேணாம் கெர்தா. பெரிய வீட்டுக்காரங்க வருத்தப்படறாங்க."

"பொய்யின்னு சொன்னாங்களா?"

"அப்படி யாரும் சொல்லல. பிரெஞ்சுல வாசியேன், யாருக்கும் மனசு நோகாது."

"யாருக்கும் புரியாதுன்னு சொல்லுங்க முசியே."

"அதைத்தான் நாகரிகமா சொன்னேன்."

வதைபட்டவர்களுக்குப் புரியாத மொழியில் வதையைச் சொல்வதற்குப் பெயர் நாகரிகமாம். மதாம் ஒருத்தியைத் திட்டி முடித்துக்கொள்ளவும் முடியாது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது. மேசையிலிருந்து கேலி பேசியவன் வீட்டிலும்தான்.

கெர்தா மறுத்தாள். வாசிப்பு நின்றது.

ஜனவரி ஒன்றாம் தேதி மதாமே மூடிய கிண்ணத்தோடு கெர்தா வீட்டுக்கு வந்தாள். வந்த சூப்பைத் திருப்பி அனுப்புவது எங்கள் ஊரில் பகையை அறிவிப்பதற்குச் சமம். அது தெரிந்துதான் வந்திருந்தாள்.

"பழசை விடும்மா. அந்தக் கடைசிப் பகுதிய எங்கயும் வாசிக்க மாட்டேன்னு சொல்லு. சூடு ஆறுறதுக்குள்ள குடி."

கெர்தா மூடியைத் திறந்து பார்த்தாள். "இப்ப உங்க வீட்ல தண்ணி தூக்குற பொண்ணு குடிச்சாளா மதாம்?"

"அவளுக்கென்ன, அப்புறமா குடிப்பா."

"அவ குடிக்கட்டும். அப்புறமா நான் குடிக்கிறேன்."

கிண்ணம் மதாமின் கையோடு திரும்பிப் போனது.

அடுத்த சந்தை நாளில், மீன்காரி ஒருத்தி கவிழ்த்துப் போட்ட கூடைமேல் ஏறி நின்று கெர்தா கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. "சத்தமா வாசிடி" என்றாள் கூடைக்காரி. வாசித்து முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. பானை விற்கும் ஒருத்தி மட்டும் தன்னோடு வந்த சிறுமியின் தலையிலிருந்த சுமையை இறக்கிக் கீழே வைத்தாள்.

கண்ணாடி அலமாரியில் இப்போது பீங்கான் தட்டுகள் மட்டும் இருக்கின்றன.