முதல் பெட்டிப் பேரனும் கடைசிப் பெட்டிப் பேரனும்

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் குல்பாஷ், நிறைமாதமாக இருந்தும் அல்மாத்தி கல்யாணத்துக்குக் கிளம்பினாள். ஓரகத்தி மர்சியாவும் நிறைமாதம்தான். சேர்ந்தாற்போல் டிக்கெட் கிடைக்காததால் இவள் முதல் பெட்டி, அவள் கடைசிப் பெட்டி. மாமனார் துலேகன் நடுவே சாப்பாட்டுப் பெட்டியில், குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பாலும் கையுமாக. பால்காஷ் ஏரியோரம் ஓர் ஒட்டகம் குறுக்கே வர, பிரேக் போட்ட போட்டில் இருவருக்கும் வலி கண்டது.

ரயில் மறுபடி வேகமெடுத்து ஓடும்போது, இரு முனையிலிருந்தும் பெட்டிக்குப் பொறுப்பான பெண்கள் இருவர் ஓடிவந்தார்கள். நல்ல சேதியை முந்திச் சொன்னால் 'சுயின்ஷி' என்று பரிசு உண்டே! "சுயின்ஷி! பேரன் பிறந்திருக்கான்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் துலேகனின் மேசைமேல் மோதி விழுந்தார்கள்.

பரிசு பெரிதில்லை; சிக்கல் வேறு. தலைப்பேரனைத் தாத்தா தன் பிள்ளையாக எடுத்து வளர்ப்பதுதான் வழக்கம்.

கல்யாண வீட்டில் துலேகன் கை நீட்டினார். "மருமகளே, முதல் பெட்டி உன்னோடது, உன் பையன்தான் மூத்தவன். கொடு."

குல்பாஷ் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "யார் சொன்னா மாமா? நடுவுல இருந்த உங்களுக்கு ரெண்டும் ஒரே நேரம். வெளியில தரையில நின்னு ரயிலைப் பார்க்கிற ஓர் ஆட்டுக்காரனுக்குக் கடைசிப் பெட்டிப் பையன்தான் முந்தி."

"அடிப்பாவி, என் தலையில கட்டுறியா?" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து மர்சியா சீறினாள்.

"பொறுடி. நம்ம ரயிலை முந்திப் போற ரயில்காரனுக்கு என் பையன்தான் முந்தி. சார்பியல் பாடம் அப்படித்தான் சொல்லுது, ஒளியோட குணம் அப்படி. நான் என்ன பண்ண?"

"எவன் அந்த ரயில்காரன்? இழுத்துட்டு வாங்க அவனை!" என்று துலேகன் கத்தினார்.

"படிச்சாத்தான் மாமா புரியும்."

"அப்ப படிக்கிறேன். புரிஞ்ச அன்னைக்கு மூத்தவனைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

எவ்வளவு முந்தி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கண்ணிமைப்பதில் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

செப்டம்பரில் துலேகன் நரித்தோல் தொப்பியோடு அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முதல் வருஷம் கையெழுத்துக்காக ஃபெயிலாக்கினாள். அடுத்த வருஷம் தொப்பிக்காக. இந்த வருஷம் அவர் தாளில் ஒரு தப்பும் இல்லை. குல்பாஷ் சிவப்புப் பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வாசலிலிருந்து மர்சியா எட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்ன மருமகளே, இந்தத் தடவையும் ஃபெயிலா?"

"ஆமா மாமா."

"எதுல?"

"மை... மை நிறம் சரியில்ல."

துலேகன் தாளை ஒருமுறை பார்த்தார். மருமகளை ஒருமுறை பார்த்தார்.

"கஷ்டமான பாடம்தான்" என்றார். "அடுத்த வருஷம் பச்சை மையில எழுதட்டுமா?"