ரீல் மாறிய ஞாயிற்றுக்கிழமை

1. கையுறை

எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் இருந்த ஒரு படக் களஞ்சியத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தியேட்டர்களுக்குப் படம் அனுப்பும் இடம் அது. ஓடி முடிந்த பிரதிகள் எங்களிடம் திரும்பி வரும். அவற்றைப் பரிசோதித்து, கிழிந்த இடங்களை ஒட்டி, அடுத்த தியேட்டருக்கு அனுப்புவோம். பரிசோதனை அறையில் என்னோடு சேர்த்து ஆறு பெண்கள்.

முதல் நாள் எங்கள் பொறுப்பாளர் டோரீன் ஒரு சோடி வெள்ளைப் பருத்திக் கையுறை தந்தார். வலது கையால் ரீலைச் சுழற்ற வேண்டும். இடது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிலிமின் ஓரம் ஓட வேண்டும். ஓரத்து ஓட்டை ஒன்று கிழிந்திருந்தால் அது கையுறையின் நூலில் பிடிக்கும். பிடித்த இடத்தில் நிறுத்தி, ஒட்டி, மறுபடி சுழற்ற வேண்டும். படத்தைப் பார்க்காதே, ஓரத்தை உணர் என்றார். அதுதான் முழுப் பயிற்சியும். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

அந்த வேலையை எனக்குப் பிடித்துத் தந்தவர் சிவநேசன் அண்ணை. மட்டக்களப்புக்காரர். களஞ்சியத்தின் மறுபக்கத்தில் பெட்டிகளை லொறியில் ஏற்றும் பகுதியில் இருந்தார். வெக்ஸ்போர்ட் பகுதியில் நான் இருந்த அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே குடியிருந்தார்.

ஊரில் நான் ஏழு வருடம் சரித்திரம் படிப்பித்தவள். இந்த அறைக்கு வந்து மூன்று மாதமாகப் போகிறபோதும் என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கெட்ட மனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது என் விரல்கள். அது எனக்கு எவ்வளவு உறைத்திருக்கிறது என்பது பங்குனி மாதம் வரைக்கும் எனக்கே தெரியாது.

2. நாற்பத்திரண்டு ரின்

பங்குனிக் கடைசியில் ஒரு ரஷ்யப் படம் வந்து இறங்கியது. பெரிய போர் நாவல் ஒன்றை வைத்து எடுத்த படம். ஏழு மணித்தியாலம், நான்கு பாகம், நாற்பத்திரண்டு தகர ரின். ஒவ்வொரு ரின்னிலும் பத்து நிமிடம் ஓடும் ஒரு ரீல். நகர மையமான டவுன்ரவுனில் ஒரு பழைய தியேட்டர் அதைச் சனிக்கிழமை இரண்டு பாகமும் ஞாயிறு இரண்டு பாகமுமாக மத்தியானத்தில் காட்டுவதாக இருந்தது. ரிக்கற் முழுக்க விற்றுவிட்டதென்று சொன்னார்கள். படத்தில் ஆங்கில எழுத்து ஓடாது. ஒரு ரஷ்ய அம்மா மேடையோரத்தில் இருந்து ஒலிவாங்கியில் ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டு போவார்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் ஐந்து ரின்னைத் திறந்ததுமே டோரீன் தலையில் கை வைத்தார். ஒவ்வொரு ரீலின் தொடக்கத்திலும் இலக்கம் எழுதிய வெறும் பிலிம் துண்டு ஒன்று இருக்கும். லீடர் என்போம். முன்பு படத்தைக் காட்டிய ஊரில் லீடர்களை வெட்டி எடுத்து எல்லா ரீலையும் ஒன்றாக ஒட்டி ஓட்டியிருக்கிறார்கள். பிறகு பிரித்தபோது, ரஷ்ய எழுத்துத் தெரியாத யாரோ கைக்கு வந்த லீடரை கைக்கு வந்த ரீலில் ஒட்டிவிட்டார். முதலாம் ரீல் என்று எழுதியிருந்ததில் ஒரு நகரம் எரிந்துகொண்டிருந்தது.

டோரீன் அறை நடுவே வந்து நின்று, யாருக்காவது இந்தக் கதை தெரியுமா என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன். வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவது போல.

பொய் இல்லை. அந்த நாவலைத் தமிழில் வாசித்திருந்தேன். ரஷ்யப் புத்தகங்கள் மலிவாகவும் கெட்டி மட்டையோடும் எங்கள் ஊருக்கு வந்த காலம் அது. மூன்று தொகுதி. சண்டையால் பள்ளிக்கூடம் பூட்டியிருந்த நாட்களில் முதல் இரண்டையும் வாசித்து முடித்தேன். மூன்றாவது என்னோடு படிப்பித்த ஒரு ஆசிரியையிடம் இருந்தது. அவர்கள் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தபோது அதுவும் போய்விட்டது.

டோரீன் என் பக்கத்தில் வந்து, முடிவு வரைக்கும் தெரியுமா என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

3. ஒளிமேசை

அடுத்த மூன்று நாளும் எனக்குத் தனி மேசை. கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் பிலிமை வைத்து உருப்பெருக்கியால் பார்ப்பேன். சத்தம் இல்லை. சின்னச் சின்ன மனிதர்கள் நடனமாடினார்கள், குதிரையில் போனார்கள், விழுந்தார்கள். ஒரு ரீலின் கடைசிப் படத்தில் இருக்கும் உடுப்பும் வெளிச்சமும் எந்த ரீலின் முதல் படத்தில் தொடர்கிறது என்று பார்ப்பேன். அதற்கு மேல் கதை எனக்கு வழி காட்டியது. வேறு மேசைப் பெண்கள் தேத்தண்ணி இடைவேளையில் வந்து நின்று, இவர் யார், அவளைக் கட்டுவாரா என்றெல்லாம் கேட்டார்கள். நான் சொன்னேன். மறுபடியும் படிப்பிப்பது போல இருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு இருந்தேன்.

ஜனங்கள் வண்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு நகரத்தை விட்டுப் போகும் ரீல் ஒன்று இருந்தது. ஒரு வண்டியில் மணிக்கூட்டைக் கட்டியிருந்தார்கள். அதை ஒட்டி முடிக்க எனக்கு மற்ற ரீல்களை விட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது.

வியாழக்கிழமை பின்னேரம் நான்காம் பாகத்துக்கு வந்தேன். இரண்டாம் தொகுதி முடியும்போது அந்தக் கதையின் அதிகாரி ஒருவர் போரில் காயப்பட்டுக் கட்டிலில் கிடந்தார். அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. உடுப்பையும் பனியையும் வைத்து மற்ற ரீல்களை அடுக்கிவிட்டேன். இரண்டு ரீல் மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஒன்றில் அவர் கண் மூடிக் கிடக்கிறார், பெண்கள் கட்டிலருகில் மண்டியிட்டிருக்கிறார்கள். மற்றதில் பொல்லை ஊன்றிக்கொண்டு கதவைத் திறந்து வருகிறார். இரண்டும் ஒரே வீடு, ஒரே சுவர்.

வெளியே பெட்டி எடுக்க வந்த சிவநேசன் அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"தெரியாட்டித் தெரியாதென்டு அந்த மனுசிக்கிட்டச் சொல்லிருங்க தங்கச்சி. வாசிக்கப் போற ரஷ்யப் பொம்புளைக்கு ஒரு போன் எடுத்தா முடிஞ்சுபோகும்."

"முடிவு வரைக்கும் தெரியும் எண்டு சொல்லிப்போட்டன் அண்ணை. இப்ப போய் எப்பிடி மாத்திச் சொல்லுறது?"

"சொன்னா ஒரு நாள் வெக்கம். அவ்வளவுதானே."

அந்த ஒரு நாள் வெட்கத்துக்கு நான் தயாராக இல்லை. ஒளிமேசைக்குத் திரும்பிப் போய் இரண்டு ரீலையும் மறுபடி பார்த்தேன். பெண்கள் மண்டியிட்டு அவர் சுகமாக வேண்டுமென்று கும்பிடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. பிறகு அவர் சுகமாகி, பொல்லோடு எழுந்து வருகிறார். கட்டில் ரீலை முன்னும் கதவு ரீலைப் பின்னும் வைத்து லீடர் ஒட்டினேன்.

ஏன் அப்படிப் பட்டது என்பதையும் எழுத வேண்டும். என் தம்பி எண்பத்தைந்தாம் ஆண்டு ஒரு காலை சைக்கிளில் வெளிக்கிட்டுப் போனவன், திரும்பி வரவில்லை. அப்படி ஒருவருக்காகக் காத்திருக்கிற ஆளிடம் அந்த இரண்டு ரீலையும் கொடுத்தால், எதை முன்னால் வைப்பாள்?

4. ஞாயிறு

சனிக்கிழமைக் காட்சி பிசகில்லாமல் நடந்தது. ஞாயிறுக்கு டோரீன் எனக்கும் ஒரு இலவச ரிக்கற் தந்திருந்தார். அவரும் வந்து இரண்டு வரிசை முன்னால் இருந்தார். தியேட்டர் நிறைய வயதான ரஷ்யர்கள். கோட்டில் பதக்கம் குத்திய இரண்டு மூன்று பேரைக் கண்டேன். மேடையோரத்தில் சின்ன விளக்கின் கீழ் வாசிக்கும் அம்மா. வேரா என்று பெயர். எழுபது வயதிருக்கும். நடிக்காமல், ஒரே சீரான குரலில் வாசித்தார்.

நான்காம் பாகத்தின் நடுவில் கட்டில் ரீல் வந்தது. ஒளிமேசையில் இல்லாத சத்தம் இப்போது இருந்தது. மூச்சுச் சத்தம். அது இழுபட்டு, நின்றது. பெண்கள் மண்டியிட்டார்கள். யாரோ மெதுவாகச் சொன்னதை வேரா ஆங்கிலத்தில் வாசித்தார்: "போய்விட்டார்." எனக்குப் பக்கத்தில் இருந்த முதியவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்தார்.

அடுத்த ரீல் என்னவென்று அந்தத் தியேட்டரில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து புறொஜெக்டர் அறைக்கு ஓட வேண்டும் என்று நினைத்தேன். எழும்பவில்லை. படம் மாறியது. கதவு திறந்தது. இறந்தவர் பொல்லை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

தியேட்டரில் ஒரு சத்தம் எழுந்தது. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. நிறையப் பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்த சத்தம். ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த ஒரு நொடி, பிழை என்னுடையது என்று தெரிந்திருந்தும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வேராவின் குரல் நின்றது. தாள் புரட்டும் சத்தம் ஒலிவாங்கியில் கேட்டது. பிறகு அதே சீரான குரலில் முதலில் ரஷ்ய மொழியிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார்: "ரீல் மாறிவிட்டது. இப்போது நீங்கள் பார்ப்பது முன்னால் நடந்தது. அவர் உயிரோடு இருந்த நாட்கள். இருந்து பாருங்கள்."

ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்தப் பத்து நிமிடமும் அந்த மனிதர் தோட்டத்துக்கு எப்போது போகலாம் என்று கேட்கிறார், சூப்பில் உப்புக் கூடிவிட்டது என்கிறார். பக்கத்து முதியவர் அழுதுகொண்டிருந்தார். டோரீன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன்.

படம் முடிந்ததும் முதலில் வேராவிடம் போனேன். ரீலை அடுக்கியது நான்தான் என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எதை வைத்து அப்படி அடுக்கினாய் என்று மட்டும் கேட்டார். அவர் சுகமாகி விட்டார் என்று நினைத்தேன் என்றேன்.

"பதினாறு வயதில் முதல் தரம் வாசித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்றார். பிறகு தாள்களைப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: "ஆனால் நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். நீ என்னிடம் கேட்டிருக்கலாம். என் ரெலிபோன் இலக்கம் தியேட்டரில் இருந்தது."

5. அட்டை

திங்கட்கிழமை டோரீனின் மேசைக்குப் போனேன். மூன்றாம் தொகுதியை வாசிக்கவில்லை என்பதையும், வியாழக்கிழமையே சந்தேகம் இருந்ததையும் சொன்னேன். அவர் சிகரெட்டை அணைத்தார். தெரியாது என்று சொல்லியிருந்தால் உன்னை வேலையை விட்டு நிறுத்த எனக்கு ஒரு காரணமும் இருந்திருக்காது, தெரியும் என்று சொன்னதால்தான் இப்போது இருக்கிறது என்றார். நிறுத்தவில்லை. வேலை நிரந்தரமாவதற்கான மூன்று மாதத் தவணையை ஆறாக்கினார். மிச்ச மூன்று மாதமும் நான் ஒட்டிய ஒவ்வொரு ரீலையும் இன்னொருத்தி மறுபடி பார்த்தாள். அது நியாயம்.

அந்தப் பிரதி அடுத்து மொன்றியலுக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு ரீலின் லீடரையும் மாற்றி ஒட்டினேன். ஒவ்வொரு பிரதியோடும் ஒரு பரிசோதனை அட்டை போகும். வழக்கமாக "நல்ல நிலை" என்றும் திகதியும் இருக்கும். கையெழுத்து வாசிக்க முடியாத கிறுக்கலாக இருக்கும், ஏதாவது நடந்தால் யார் என்று தெரியக்கூடாது என்பதற்காகவே. நான் அதில் தெளிவான எழுத்தில் எழுதினேன்: "நான்காம் பாகம், ஆறாம் ஏழாம் ரீல்களைப் பிழையாக மாற்றி அடுக்கியவள் நான். தெரியாததைத் தெரியும் என்று நினைத்துச் செய்தேன். இப்போது திருத்தியிருக்கிறேன்." கீழே முழுப்பெயரையும் எழுதினேன். டோரீன் வாசித்துவிட்டு, இதெல்லாம் அவசியமா என்பது போலப் பார்த்தார். ஆனால் கிழிக்கவில்லை.

மாரிக் குளிர் தொடங்கும்போது படம் திரும்பி வந்தது. நான்கு ஊர் சுற்றியிருந்தது. சிவநேசன் அண்ணைதான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அட்டையை எடுத்துப் பார்க்கச் சொன்னார். என் எழுத்துக்குக் கீழே வேறு கைகள் எழுதியிருந்தன. "இரண்டாம் பாகம் மூன்றாம் ரீல், நான் ஏற்றும்போது பதினொரு ஓட்டை கிழிந்தது, ஒட்டியிருக்கிறேன்." பெயர். "முதலாம் பாகம் கடைசி ரீல், கோப்பி ஊற்றிவிட்டேன், துடைத்தும் கறை போகவில்லை, மன்னிக்கவும்." பெயர். மூன்றாவது பிரெஞ்சில் இருந்தது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் அறையில் மொன்றியலில் வளர்ந்த பெண்ணின் மேசைக்குப் போய், எனக்கு இது தெரியாது, வாசித்துச் சொல்கிறீரா என்று கேட்டேன்.