நான்கு தோலும் ஓர் அச்சும்

வீரம்மாவுக்கு எழுத வராது. துணுக்காயில் அவளுடைய இரண்டு ஏக்கர் காணியின் அனுமதிப்பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாக இடது பெருவிரல் ரேகைதான் இருக்கிறது. கச்சான் கடலைச் செடி பிடுங்கித் தேய்ந்த விரல். கள்ளக் கைரேகையைக் கண்டுபிடிக்கப் பழகும் பயிற்சிக்காரர் ஊர் மண்டபத்துக்கு வந்தபோது அப்படித் தேய்ந்த விரல்தான் வேண்டும் என்றார்கள். விரலை வெட்டியா கொடுக்கப்போகிறோம் என்று அவளும் போனாள்.

மேனுகா என்ற பயிற்சிப் பெண் அந்த விரலை மெழுகில் அழுத்தி அச்செடுத்தாள். அந்த அச்சில் வெங்காயச் சருகு போன்ற ரப்பர்த் தோல்கள் நான்கை வார்த்து உரித்தாள். ஒன்றைத் தன் விரலில் ஒட்டிக் கடதாசியில் பதித்தாள். பக்கத்தில் வீரம்மா தன் விரலையே பதித்தாள். கள்ள ரேகை எது என்று பயிற்சிக்காரர் உருப்பெருக்கி வில்லை வைத்துச் சொல்லவேண்டும். வியர்வைத் துளைகள் தெரிகின்றனவா, காற்றுக் குமிழின் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் ஆசிரியர். எட்டுப் பேரில் மூவர் பிழையாகச் சொன்னார்கள்.

வீரம்மா பெருவிரலைச் சேலையில் துடைத்தாள். படிக்கிறவர்களே ஏமாந்தால் காணிக் கந்தோரில் எந்த அதிகாரி வில்லை வைத்துப் பார்ப்பார்? காணியைத் தன் பெயருக்கு மாற்றும்படி இரண்டு வருடமாக நெருக்கும் கொழுந்தன் ஆண்டியப்பன் மண்டப வாசலில் சைக்கிளோடு நின்றான்.

“இனி நீங்க எங்கயும் வர வேணாம் அண்ணி. வெரல் வந்தாப் போதும்,” என்று சிரித்தான்.

தினமும் கோழிகளை எண்ணி அடைப்பவள் அவள். மேசையிலும் எண்ணினாள்.

“நாலு தோல் உரிச்சீங்க பிள்ளை. மூணுதான் கெடக்கு.”

மேனுகாவும் எண்ணிப் பார்த்தாள். கதிரைகளைப் புரட்டினார்கள், கடதாசிகளை உதறினார்கள். கடைசியில் அது ஒரு தேநீர்க் கோப்பையின் அடியில் ஒட்டியிருந்தது. நான்கையும் வீரம்மாவே வாங்கித் தேநீர் அடுப்பில் போட்டாள். சுருண்டு நாறி எரிந்தன. அப்போதுதான் மூச்சு வந்தது. பயிற்சிக்காரர் வந்த வாகனமும் போய்விட்டது.

வீட்டில் கை கழுவும்போது நகக்கண்ணில் மெழுகு தட்டுப்பட்டது. தோல்களை எரித்தவள் மெழுகு அச்சைக் கேட்டு வாங்கவில்லை. முட்டைகளை எண்ணிவிட்டுக் கோழியைப் போகவிட்டிருக்கிறாள்.

மேனுகா தந்துவிட்டுப் போன எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அச்சு பெட்டிக்குள்ள இருக்கு அம்மா, வவுனியாவில அடுத்த வகுப்புக்கு வேணும். பயப்பிடாதேங்கோ. உங்கட கொழுந்தனார்தான் பெட்டியை ஏத்தித் தந்தவர். எங்க வைச்சிருப்பீங்கள் எண்டும் கேட்டவர்.”

விடிய முதல் பஸ்ஸில் வீரம்மா வவுனியாவுக்கு ஏறினாள். அனுமதிப்பத்திரம் மடியில் இருந்தது. கம்பியைப் பிடித்தபோதும் பெருவிரலை உள்ளே மடக்கியே வைத்திருந்தாள்.